பாடும் கட்-ஆஃபும்

எல்லோருக்கும் வேண்டும், ஆனால் சிலருக்குத்தான் கிடைக்கும். அப்படிப்பட்ட ஒரு நல்ல இடத்தை யாருக்குக் கொடுப்பது? நீதியைப் பற்றி எழுதப்பட்ட பெரிய நூல்களெல்லாம் ஏதோ ஒரு பக்கத்தில் இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொள்கின்றன. திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், ஒன்றுக்கொன்று ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தூரத்தில், இந்தக் கேள்விக்கு நேரெதிரான இரண்டு பதில்கள் நடைமுறையில் இருக்கின்றன. ஒன்று பழவேற்காடு ஏரியில். இன்னொன்று பொன்னேரியில் இருக்கும் மீன்வளக் கல்லூரியில். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி அது.

ஏரியின் பதில்: சீட்டுப் போடு, முறை வைத்துக்கொள். பல்கலைக்கழகத்தின் பதில்: மதிப்பெண் எடு, வரிசையில் நில்.

பழவேற்காட்டுக் குப்பம் ஒன்றில் பிறந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, மீன்வள அறிவியல் இளங்கலை படிக்கப் போகும் ஒரு பிள்ளைக்கு இந்த இரண்டு பதில்களும் சொந்தம். வீட்டில் ஒரு நியாயம், விடுதியில் இன்னொரு நியாயம். நான்கு வருடம் படித்து முடிக்கும்போது அந்தப் பிள்ளை எந்த நியாயத்தோடு வெளியே வரும், வர வேண்டும் என்பதுதான் இங்கே பேச நினைப்பது. இது மீன்வளம் படிப்பவர்களுக்கு மட்டுமான விஷயமில்லை. ஒரு பட்டியலில் தன் பெயரைத் தேடிப் பார்த்த எல்லோருக்கும் உரியதுதான்.

*

முதலில் பாடு.

வயிற்றுப்பாடு என்கிறோம். பாடுபடுகிறேன் என்கிறோம். "அவங்கவங்க பாட்ட அவங்கவங்க பாத்துக்கணும்" என்கிறோம். கடற்கரையில் "இன்னைக்குப் பாடு எப்படி?" என்று கேட்டால் மீன் கிடைத்ததா என்று அர்த்தம். உழைப்பு, துன்பம், பங்கு, கிடைத்தது எல்லாமே ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. பழவேற்காட்டில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் சேர்கிறது. ஏரியில் வலை கட்டும் இடமும் பாடு, அங்கே வலை கட்டுவதற்கான முறையும் பாடு.

சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி தமிழ்நாட்டில். ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவர, முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே வருகிறது. கடலில் பொரித்த இறால் குஞ்சுகள் அந்த வாய் வழியாக ஏரிக்குள் வந்து, வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்பப் பார்க்கும். நீரோட்டம் பார்த்துக் கழி ஊன்றி வலை கட்டினால் இறால் கிடைக்கும். ஆனால் அதற்குத் தோதான இடங்கள் கொஞ்சம், ஆட்கள் நிறைய. எல்லா இடமும் ஒரே மாதிரியும் இல்லை. ஓர் இடத்தில் கூடை நிறையும், நூறடி தள்ளி வலை வெறுமனே வரும்.

இந்த நிலையில் வழக்கமாக என்ன நடக்கும்? முந்தியவனுக்கு இடம், அல்லது பலசாலிக்கு இடம், அல்லது பணம் வைத்திருப்பவனுக்கு இடம். கோட்டைக்குப்பம் உள்ளிட்ட மூன்று பட்டினவர் குப்பங்கள் தலைமுறைகளுக்கு முன்பே வேறொரு வழியைக் கண்டார்கள். ஊரில் தலைக்கட்டாகக் கணக்கில் இருப்பவர்கள் எல்லோருக்கும் உரிமை. யாருக்கு எந்த இடம், எப்போது என்பதைச் சீட்டும் முறையும் தீர்மானிக்கும். இன்று நல்ல இடத்தில் வலை கட்டியவர் அடுத்த முறை வேறிடத்துக்கு நகர வேண்டும். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதே போல இறால் வலைக்குச் சீட்டுப் போட்டு இடம் பிரிக்கும் பழைய வழக்கம் உண்டு. ஆக இது ஏதோ ஒரு குப்பத்தின் விசித்திரம் இல்லை. களப்பையும் பசியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த மனிதர்கள் வெவ்வேறு கரைகளில் வந்தடைந்த முடிவு.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், பாடு திறமையை மறுக்கவில்லை. உன் முறை வந்த இரவில் நீரோட்டம் தெரியாவிட்டால், வலையின் கண் சரியில்லாவிட்டால் கை வெறுங்கைதான். திறமைக்கு அங்கே வேலை இருக்கிறது. ஆனால் இடம் திறமைக்கான பரிசாகத் தரப்படுவதில்லை. அதனால் நல்ல இடம் கிடைத்தவர் அதைச் சொல்லி மார்தட்ட முடியாது, மோசமான இடம் கிடைத்தவர் கூனிக் குறுக வேண்டியதும் இல்லை. "இந்த தடவ எனக்கு இது வுழுந்துச்சு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கலாம். அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கும் சுதந்திரம் எவ்வளவு பெரியது என்பது ரிசல்ட் வந்த நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும்.

*

அடுத்து கட்-ஆஃப். இதைத் திட்டுவது இப்போது எளிது. ஆனால் அது எதை மாற்ற வந்தது என்பதை மறந்துவிட்டுத் திட்டக் கூடாது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியது. அதன் முதல் பல பத்தாண்டுகளில் அங்கே பட்டம் வாங்கியவர்களில் பிராமணர்களின் எண்ணிக்கை மிகப் பெரிது. மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு அங்கே இடம் இருப்பதாக யாரும் நினைத்ததில்லை, பெரும்பாலும் அந்தப் பிள்ளையே நினைத்ததில்லை. 1920-களில் நீதிக்கட்சி ஆட்சியில் வந்த வகுப்புவாரி உரிமை ஆணை முதலில் அரசு வேலைகளிலும், பிறகு கல்லூரி இடங்களிலும் அந்தக் கதவைத் தள்ளிப் பார்த்தது. 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றபோது, தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பும் சேர்ந்து அதே ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தத்துக்குக் காரணமானது. பிற்காலத்தில் 69 விழுக்காடு வந்தது. 2007-இல் தொழிற்படிப்புகளுக்கான மாநில நுழைவுத் தேர்வு போனது. 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை சட்டமானது. மீன்வளப் பல்கலைக்கழகத்தில் மீனவர் பிள்ளைகளுக்கென்று தனி ஒதுக்கீடும் இருக்கிறது.

அதாவது நம் ஊரில் கட்-ஆஃப் என்பது வெறும் எண் இல்லை. இட ஒதுக்கீட்டோடு சேர்த்துப் பார்த்தால், "நீ யார் வீட்டுப் பிள்ளை, யாரைத் தெரியும்" என்ற கேள்விகளைத் தாண்டி ஒரு பிள்ளையை உள்ளே கொண்டுபோகும் படகு அது. சிபாரிசுக் கடிதம் எழுதித் தர ஆளில்லாதவனுக்கு 200-க்கு இத்தனை என்று தெளிவாகச் சொல்லும் ஓர் எண் பெரிய ஆறுதல். எண்ணிடம் போய் யாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

ஆகவே நம் முன்னால் இருப்பது நல்ல ஏரி, கெட்ட பல்கலைக்கழகம் என்ற கதை இல்லை. இரண்டுமே அநியாயத்தைத் தடுக்க வந்த ஏற்பாடுகள்தான். பாடு பலசாலியைத் தடுக்க வந்தது. மதிப்பெண் பட்டியல் செல்வாக்குள்ளவனைத் தடுக்க வந்தது. சிக்கல் அதற்குப் பிறகு, உள்ளே போனவன் மனதில் தொடங்குகிறது.

*

மீன்வளக் கல்லூரி வகுப்பறையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். நான்கு ஆண்டு, எட்டு பருவம். மீன் வகைப்பாட்டியல், நீரியல், கடலியல், மீன் வளர்ப்பு, பதப்படுத்துதல், படகும் வலையும், கப்பல் செலுத்துதல், மீன்வளப் பொருளாதாரம், விரிவாக்கக் கல்வி. ஃபார்மலின் வாடை அடிக்கும் ஜாடிகளில் மீன்கள், படம் வரைந்து பாகம் குறித்த ரெக்கார்டு நோட்டுகள், குளத்தில் இறங்கி நீர் எடுக்கும் காலைகள், மெஸ், அரியர், இன்டர்னல் மார்க்.

இங்கே படிக்க வருகிறவர்களில் பலருக்கு இது முதல் விருப்பம் இல்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, கால்நடை மருத்துவம் கிடைக்கவில்லை, சரி இதாவது என்று வந்தவர்கள். அவர்களில் சிலர் மீனைத் தட்டில் மட்டுமே பார்த்திருப்பார்கள். அதே பெஞ்சில் குப்பத்துப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறது. பேராசிரியர் 'முகில் செஃபாலஸ்' என்கிறார். இது மடவை. 'லேட்டஸ் கால்காரிஃபர்' என்கிறார். இது கொடுவா. 'சில்லா செர்ராட்டா' என்கிறார். அம்மா கையில் கடி வாங்கிக் கட்டிப்போட்ட பச்சை நண்டு. தெரிந்த ஊரையே வேற்று மொழி வரைபடத்தில் தேடுவது போல இருக்கும் அது.

வலை பின்னும் பிராக்டிகலில் மற்றவர்கள் முடிச்சோடு மல்லுக்கட்டும்போது இந்தப் பிள்ளையின் விரல் தானாக ஓடும். அன்று ஒருநாள் ராஜா. மறுவாரம் ஆங்கிலத்தில் வைவா. "மெஷ் சைஸை எதைப் பொறுத்துத் தீர்மானிப்பாய்?" பதில் கைக்குத் தெரியும், வாய்க்கு வரவில்லை. மதிப்பெண் வாய்க்குத்தான்.

இப்படிச் சொன்னவுடன், "பாத்தியா, நம்ம ஆளுங்களுக்கு எல்லாமே தெரியும், காலேஜ்காரன் என்ன பெரிய புத்திசாலி" என்று ஒரு குரல் எழும். அதையும் நம்ப வேண்டாம். மடவை எங்கே திரும்பும் என்பது அப்பாவுக்குத் தெரியும். நீரில் கரைந்த ஆக்சிஜன் எந்த அளவுக்குக் கீழே போனால் மீன் சாகும், உப்புத்தன்மை ஆயிரத்துக்கு எத்தனை பங்கு என்று அளந்து தேதி வாரியாக எழுதி வைத்தால் எதை நிரூபிக்கலாம் என்பதைக் கல்லூரிதான் சொல்லித்தரும். ஏரியின் முகத்துவாரம் மணல் மூடி, உள்ளே தண்ணீர் சூடேறி, இறால் வரத்து நின்றபோதெல்லாம் மீனவர்கள் அதைக் கத்திச் சொன்னார்கள். அரசு அலுவலகம் அவர்கள் சொன்ன சேதியைவிட அட்டவணையை வேகமாகப் படிக்கும். அது நியாயமா என்பது வேறு கேள்வி. அட்டவணை போடத் தெரிந்த ஒரு பிள்ளை குப்பத்தில் இருப்பது லாபம் என்பதில் சந்தேகமில்லை.

பழவேற்காட்டுக்கு இதில் ஒரு நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. சென்னை கிறித்துவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் பி.ஜே. சஞ்சீவராஜ் இந்த ஏரியையே பல்லாண்டுகள் ஆராய்ந்தார். ஏரியின் உயிரினங்களைப் பற்றிய அவருடைய தொகுப்பை தேசிய பல்லுயிர் ஆணையம் 2006-இல் வெளியிட்டது. ஒரே தண்ணீருக்குத் திரும்பத் திரும்ப வந்து பார்த்தவரின் படிப்பு அது.

*

விடுதியில் அறை கிடைத்ததும் வரும் முதல் கேள்வி பெயரும் ஊரும். இரண்டாவது கேள்வி, "கட்-ஆஃப் எவ்ளோ?" மூன்றாவது கேள்வியை வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், முகத்தில் எழுதியிருக்கும்: "எந்தக் கோட்டா?"

கட்-ஆஃபின் உண்மையான வேலை யார் உள்ளே வரலாம் என்று சொல்வதோடு முடிந்துவிடுகிறது. சேர்க்கை முடிந்த மறுநாளே அந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிடலாம். ஆனால் நாம் போடுவதில்லை. அது ஒரு குணச் சான்றிதழாக மாறுகிறது. 195 எடுத்தவன் தன்னை 195 மதிப்புள்ள மனிதனாக நினைக்கத் தொடங்குகிறான். 170-இல் வந்தவள் நான்கு வருடமும் அந்த இருபத்தைந்தை யாரிடமோ கடன் வாங்கியது போல நடமாடுகிறாள்.

மெரிட்டோக்ரசி என்ற சொல்லைப் பரவலாக்கியவர் பிரிட்டனின் சமூகவியலாளர் மைக்கேல் யங். 1958-இல் அவர் எழுதியது ஓர் எள்ளல் நூல். திறமையால் மட்டுமே உயர்கிற சமூகத்தில் மேலே போனவர்கள் எல்லாம் தன் தகுதியால் வந்தது என்று நினைப்பார்கள், கீழே இருப்பவர்களுக்குத் தம் தோல்விக்குச் சாக்குச் சொல்லக்கூட வழியிருக்காது என்று அவர் பயந்தார். உலகம் அந்த எச்சரிக்கையைப் பாராட்டாக எடுத்துக்கொண்டது. 2020-இல் மைக்கேல் சாண்டல் இதே கவலையோடு, ஹார்வர்டு போன்ற இடங்களில் அடிப்படைத் தகுதி உள்ளவர்களைப் பிரித்த பிறகு மீதியைக் குலுக்கலுக்கு விடலாம் என்று எழுதினார். வென்றவனின் தலைக்கனத்தை அதிர்ஷ்டம் கொஞ்சம் இறக்கிவைக்கும் என்பது அவர் எண்ணம்.

இதைப் படித்தபோது பழவேற்காட்டுக்காரர் யாராவது சிரித்திருந்தால் ஆச்சரியமில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பழவேற்காட்டில் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையில் தங்கள் தலைமையிடமாக நெடுங்காலம் வைத்திருந்தவர்கள் டச்சுக்காரர்கள். மண்டை ஓடு செதுக்கிய அவர்களுடைய கல்லறைகள் இன்றும் அங்கே இருக்கின்றன. அதே டச்சுக்காரர்கள் நெதர்லாந்தில் 1970-களிலிருந்து 2017 வரை மருத்துவப் படிப்புக்குக் குலுக்கல் முறையில் ஆள் எடுத்தார்கள். நல்ல மதிப்பெண் உள்ளவருக்கு வாய்ப்பு அதிகம், ஆனாலும் குலுக்கல்தான். 1990-களில் 10-க்கு 9.6 சராசரி வைத்திருந்த ஒரு மாணவிக்கு மூன்று முறையும் சீட்டு விழவில்லை. நாடே கொதித்தது. அதன் பிறகு 8-க்கு மேல் உள்ளவர்களுக்கு நேரடி இடம் என்று மாற்றினார்கள். பிறகு குலுக்கலையே எடுத்துவிட்டு, நேர்காணல், தேர்வு என்று முழுக்கத் தெரிவு முறைக்குப் போனார்கள். தெரிவுக்குத் தயார்செய்யப் பணம் உள்ளவர்களுக்கே அது சாதகம் என்ற விமர்சனம் எழுந்து, சில ஆண்டுகளிலேயே குலுக்கலுக்கு மறுபடி சட்டத்தில் இடம் வந்தது. கோட்டை கட்ட வந்த ஊரில் அப்போதே பாடு இருந்ததா, அதை அவர்கள் பார்த்தார்களா என்பதற்கெல்லாம் போக வேண்டாம். இரண்டு கரைகளும் ஒரே சிக்கலில் கையை வைத்தன என்பது போதும்.

அவ்வளவு தூரம் ஏன்? நம் பொறியியல் கலந்தாய்வில் ரேண்டம் எண் என்று ஒன்று தருகிறார்கள். கட்-ஆஃப், பாட மதிப்பெண்கள், பிறந்த தேதி எல்லாம் சமமாக இருந்தால் அந்த எண்தான் முடிவு செய்யும். அதாவது மெரிட் பட்டியலின் அடிமடியில் ஒரு சீட்டுக் குலுக்கல் ஒளிந்திருக்கிறது. வெளிப்படையாகத் தெரிவது அது மட்டும். அரை மதிப்பெண் வித்தியாசத்தில் உள்ளே போனவருக்கும் வெளியே நின்றவருக்கும் இடையில் இருப்பது என்ன? பரீட்சைக்கு முந்தின இரவு கரண்ட் இருந்ததா, அப்பாவுக்கு அந்த மாதம் பாடு இருந்ததா, பள்ளியில் விலங்கியல் ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்ததா? இவையும் சீட்டுகள்தான். யாரோ குலுக்கினார்கள், நமக்கு ஒன்று விழுந்தது. ஏரியில் அதைச் சீட்டு என்று சொல்கிறோம், ஊரில் தகுதி என்று சொல்கிறோம்.

*

அப்படியென்றால் கல்லூரி இடங்களையும் சீட்டுப் போட்டுக் கொடுத்துவிடலாமா?

இங்கே ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதே குப்பத்தில், அதே வீட்டில் பிறந்தவள். அவள் அண்ணனுக்குக் கல்யாணமானதும் அவன் தலைக்கட்டு ஆவான், அவனுக்குப் பாடு உண்டு. அவளுக்கு? பாடு ஆண்களின் கணக்கு. அவள் அம்மா விடியற்காலையில் ஏலத்தில் நின்று மீன் எடுத்து, பஸ்ஸில் திட்டு வாங்கி, தெருத்தெருவாக விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனாலும் சீட்டுக் குலுக்கும் இடத்தில் அவள் பெயர் இருக்காது.

ஏரிக்குள் இன்னும் பலர் இருக்கிறார்கள். சேற்றுத் தண்ணீரில் இடுப்பளவு இறங்கி, கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட பறியில் போடும் இருளர் பெண்கள் இருக்கிறார்கள். பிற்காலத்தில் பிழைப்புக்காக மீன்பிடிக்க வந்த மற்றச் சாதியினர் இருக்கிறார்கள். அவர்களும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் வாழ்கிறார்கள். பாட்டில் பங்கு கேட்டால், "இது எங்க மூணு ஊர் பாத்தியதை" என்பதுதான் பழைய பதில். இதை வைத்துச் சச்சரவுகளும் நடந்திருக்கின்றன.

சீட்டுக் குலுக்கல் பானைக்குள் இருக்கும் ஓலைகளுக்கு நியாயம் செய்யும். ஓலையே எழுதப்படாதவர்களைப் பற்றி அதற்குக் கவலையில்லை. நாம் பெருமையோடு பேசும் குடவோலையும் அப்படித்தான். பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், 919-இலும் 921-இலும் வெட்டியவற்றில், யார் பெயரை ஓலையில் எழுதலாம் என்ற நிபந்தனைகள் நீளமாக இருக்கின்றன. வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். பானைக்குள் போகும் முன்பே ஊரின் பெரும்பகுதி கழிந்துவிட்டது.

ஆக, அந்தப் பெண்ணுக்குப் பாடு தராததைக் கட்-ஆஃப் தந்தது. நீ ஆணா, கல்யாணம் ஆனதா, எந்தக் குப்பம் என்று கேட்காமல் 200-க்கு எவ்வளவு என்று மட்டும் கேட்ட ஓர் இடம். அவள் வாழ்க்கையில் ஒரு பொதுப் பட்டியலில் அவள் பெயர் ஓர் ஆணின் பெயருக்குச் சமமாக அச்சான முதல் இடம் அதுவாகவே இருக்கக்கூடும். அவளிடம் போய், "தகுதி என்பதே மாயைம்மா, எல்லாம் சீட்டுதான்" என்று நாம் தத்துவம் பேசினால், அவள் நம்மை ஒரு பார்வை பார்ப்பாள். "நான் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சுப் படிச்சது எனக்குத் தெரியும். உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது.

என் முழு வாதமும் இந்தப் பெண்ணுக்கு முன்னால் நின்று சொல்லத்தக்கதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது ஏரியைத் தூரத்திலிருந்து ரசிப்பவனின் வாதமாகிவிடும்.

*

அவளிடம் நான் சொல்ல நினைப்பது இதுதான். உன் உழைப்பு உன்னுடையது. அதை யாரும் சீட்டு என்று சொல்லிச் சிறுமைப்படுத்த வேண்டாம். ஆனால் உழைப்பு உன்னுடையதாக இருப்பதால் இடம் உன்னுடையதாகிவிடாது. வலை கட்டும் திறமை மீனவருடையது, தண்ணீர் அவருடையது இல்லை. அவருடைய அந்த இரவுக்கான முறை அது. இன்னொருவர் முறைக்காகக் காத்திருக்கிறார். பல்கலைக்கழக இடத்தையும் அப்படிப் பார்த்தால் என்ன?

ஓர் இடத்தைப் பரிசு என்று நினைப்பவனுக்கு அதன் மேல் கடமை எதுவும் கிடையாது. ஜெயித்தேன், எடுத்துக்கொண்டேன், கதை முடிந்தது. முறை என்று நினைப்பவனுக்கு மூன்று கடமைகள் உண்டு, மூன்றும் பாட்டில் இருப்பவைதான். அடுத்தவர் வரும்போது இடத்தை விட வேண்டும். இடத்தைக் கெடுக்காமல் விட வேண்டும். கிடைத்ததில் ஊருக்கு ஒரு பங்கு கொடுக்க வேண்டும். உத்திரமேரூர்க்காரர்களுக்கும் இது தெரிந்திருந்தது. வாரியத்தில் இருந்தவர் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு மறுபடி நிற்க முடியாது. கணக்குக் காட்டாதவர் ஒருபோதும் நிற்க முடியாது, அவருடைய உறவினர்களும் நிற்க முடியாது.

படிப்பில் இது எப்படி இருக்கும்? பெரிய தியாகமெல்லாம் வேண்டாம். "படிச்சுட்டு ஊருக்கே திரும்பி வந்துடணும்" என்று குப்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு விலங்கு மாட்டுவது எனக்குப் பிடிக்காது. சென்னையில் டாக்டர் வீட்டுப் பிள்ளையிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. நெல்லூர்ப் பக்கம் இறால் தீவனக் கம்பெனியில் வேலை கிடைத்தால் போகட்டும். மீன்வளத் துறையில் ஆய்வாளர் வேலை கிடைத்தால் போகட்டும். நார்வே கிடைத்தாலும் போகட்டும். கேள்வி எங்கே போகிறாய் என்பதில்லை, போன இடத்தில் எதை நினைவில் வைத்திருக்கிறாய் என்பது.

கம்பெனியில் இருப்பவருக்கு, பண்ணைக் கழிவுநீர் எந்த ஓடை வழியாக எந்த ஏரிக்குப் போகிறது என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். கடலோரப் பண்ணைகளால் வரும் கேட்டைப் பற்றி 1996-இலேயே உச்ச நீதிமன்றம் ஜெகந்நாதன் வழக்கில் கடுமையாகத் தீர்ப்பு எழுதியது. படித்தவருக்கு அது தெரியாத விஷயம் இல்லை. துறையில் இருப்பவருக்கு, மேசைக்கு எதிரே நிற்கும் மீனவரை "உக்காருங்கண்ணா" என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். படிப்பின் கடைசி ஆண்டில் கிராம அனுபவப் பயிற்சிக்குக் குப்பத்துக்குப் போகும் மாணவர், அங்கே வாங்கிய தகவலை ரெக்கார்டு நோட்டோடு கல்லூரி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடாமல், நான்கு பக்கம் தமிழில் எழுதி அந்த ஊருக்கே திருப்பிக் கொடுக்கலாம். அது அவர்கள் நேரத்தில், அவர்கள் அறிவில் எடுத்த மீன். ஒரு பங்கு ஊருக்குப் போக வேண்டும்.

பல்கலைக்கழகத்துக்கும் இதில் பங்கு உண்டு. வலை முடிச்சு போடும் விரலுக்கு உரிய மதிப்பெண்ணைக் கொடுக்கலாம். வைவாவைத் தமிழில் சொல்ல விடலாம். மடவை என்று எழுதினால் அதற்குப் பக்கத்தில் லத்தீன் பெயரைக் கேட்பது சரி. லத்தீன் பெயரை மட்டும் எழுதியவரிடம் மடவை என்ற பெயரையும் கேட்க வேண்டும்.

*

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பாடு எவ்வளவு நியாயமாகப் பிரித்தாலும், பிரிப்பதற்கு ஏரி இருக்க வேண்டும். தெற்கே எண்ணூரில் அனல் மின்நிலையங்களும் சாம்பலும், காட்டுப்பள்ளியில் துறைமுகமும் அதை விரிவாக்கும் திட்டமும், முகத்துவாரத்தில் மணலும். மூன்று ஊரும் உட்கார்ந்து நியாயமாகச் சீட்டுப் போட்டு, இறால் வராத தண்ணீரைப் பங்கு போட்டுக்கொள்வதில் என்ன இருக்கிறது? கல்லூரி இடத்துக்கும் இதே கணக்குதான். ஒதுக்கீட்டையும் கட்-ஆஃபையும் கோடு போட்டுச் சரிசெய்துவிட்டு, ஆசிரியர் இல்லாத பள்ளியையும் வேலை இல்லாத பட்டத்தையும் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்தால், அது வெறும் வலை. யார் எந்த இடத்தில் என்ற சண்டையில், இடமே சுருங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்காமல் விடுவது இரண்டு கரைக்காரர்களும் செய்யக்கூடிய தவறு.

பார்ப்பதற்கு ஆள் வேண்டும். உப்புத்தன்மையை அளக்கத் தெரிந்தவராகவும், அந்த எண்ணுக்குப் பின்னால் யார் வீட்டு அடுப்பு இருக்கிறது என்று தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். ஏரியும் பல்கலைக்கழகமும் சேர்ந்துதான் அப்படி ஒருவரை உருவாக்க முடியும்.

அடுத்த கல்வியாண்டில் புதிய பிள்ளைகள் விடுதிக்கு வருவார்கள். டிரங்குப் பெட்டியும் பக்கெட்டுமாகக் கதவருகே நிற்கும் பிள்ளையிடம் கேட்பதற்கு உங்களிடம் ஒரு கேள்வி இருக்கும். "கட்-ஆஃப் எவ்ளோ?" என்று கேட்டால் ஓர் எண் கிடைக்கும். "உங்க ஊர்ல மடவைக்கு என்ன பேரு?" என்று கேட்டுப் பாருங்கள். நாகப்பட்டினத்துப் பிள்ளை ஒன்று சொல்லும், ராமேஸ்வரத்துப் பிள்ளை இன்னொன்று சொல்லும், தர்மபுரிப் பிள்ளை "அது என்ன மீனு?" என்று திருப்பிக் கேட்கும். ராத்திரி வரைக்கும் பேச விஷயம் இருக்கும்.